முதலும் முன்னும்: காலப் படைப்புப் பற்றிய ஒரு திறனாய்வு

உலகத்தைப் படைப்பதற்கு முன்னர் இறைவன் என்ன செய்துகொண்டிருந்தான்? சிறுவனும் கேட்கக்கூடிய வினா இது. பேரறிஞரையும் திகைக்க வைத்த வினாவும் இதுவே. வகுப்பறையில் மாணவன் ஒருவன் எழுந்து நின்று இதனைக் கேட்பானாயின், “அதிகப்பிரசங்கி, உட்கார்!” என்று அவன் வாயை அடைத்துவிடுதல் ஆசிரியருக்கு எளிது. ஆனால் வாயடைக்கப்பட்ட வினா இறந்துபடுவதில்லை. அது மாணவன் உள்ளத்தில் ஐயமாய் உறைந்து, பின்னொரு நாள் வெறுப்பாகவோ ஆராயாத பற்றாகவோ வெளிப்படும். ஆதலின் இவ்வினாவை நேர்நின்று ஆராய்தல் ஆசிரியர்தம் கடமைகளுள் ஒன்றாகிறது.

சமயவாணர் மூன்று கூற்றுகளை ஒருங்கே மொழிவர். இறைவன் காலங் கடந்தவன் என்பது ஒன்று. உலகைத் தோற்றுவித்தவன் அவனே என்பது மற்றொன்று. உலகோடு காலமும் அவனால் தோன்றியதே என்பது மூன்றாவது. தனித்தனியே நோக்குங்கால் இவை செவிக்கு இனியன. சேர்த்து நோக்குங்கால் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றுகின்றன. இம்முரண் மெய்யான முரணா, சொல்லால் விளைந்த மயக்கமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சிக்கு இரு நூல்கள் துணையாகின்றன. ஒன்று, வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராக விளங்கிய அகுஸ்தினார் (354–430) இலத்தீன் மொழியில் இயற்றியது. தம் வாழ்வையும் பிழைகளையும் இறைவன் திருமுன் ஒப்புக்கொள்ளும் முறையில் அமைந்த ‘ஒப்புதல்கள்’ என்னும் நூல். மற்றொன்று, 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம். இருவரும் வெவ்வேறு சமயத்தினர். ஒருவர் நூலை மற்றவர் மரபு அறியாது. இருவர்க்கும் இடையே ஏறத்தாழ 800 ஆண்டுகள். எனினும் காலத்தைப் பற்றிய இடத்தில் இருவரும் அணுகிவந்து நிற்கும் நிலை வியப்பளிப்பதாகும்.

வினையும் காலமும்

இவ்வினாவின் வலிமை எங்குள்ளது என்பதைத் தமிழ் பயில்வோர் இலக்கணத்தின் வாயிலாகவே உணரலாம். வினைச்சொல்லின் இயல்பு கூறவந்த தொல்காப்பியர், அது வேற்றுமை ஏலாது, காலத்தோடு தோன்றும் என்று வரையறுத்தார். ‘படைத்தான்’ என்னும் சொல்லில் இறந்தகால இடைநிலை இருக்கின்றது. ‘படைக்கின்றான்’ எனின் நிகழ்காலம். ‘படைப்பான்’ எனின் எதிர்காலம். எவ்வகையாற் கூறினும் செயல் காலத்துக்கு உட்பட்டே நிற்கும். அங்ஙனமாயின் ‘இறைவன் காலத்தைப் படைத்தான்’ என்னும் தொடரில், படைத்தலாகிய வினை நிகழ்வதற்கே ஒரு காலம் தேவைப்படுகின்றது. அக்காலம் எங்கிருந்து வந்தது? அதனையும் அவனே படைத்தான் என்றால், அதற்கும் முற்பட்ட ஒரு காலம் வேண்டும். இவ்வாறு முடிவின்றிச் செல்லும்.

இதற்கு மாறாக ‘இறைவன் உளன்’ என்னும் தொடரை நோக்குக. ‘உளன்’ என்பது குறிப்பு வினை. காலங்காட்டும் இடைநிலை அதன்கண் இல்லை. காலங் கடந்தவனைச் சுட்டுதற்கு இதனினும் பொருத்தமான சொல் கிடைத்தல் அரிது. எனவே சிக்கலைச் சுருங்கச் சொன்னால் இவ்வளவே: ‘உளன்’ என்னும் சொல் காலங் கடந்தவனுக்குப் பொருந்துகின்றது, ‘படைத்தான்’ என்னும் சொல் பொருந்த மறுக்கின்றது.

இயற்கைப் பொருளை ‘இத்தன்மைத்து’ என்று வாளா கூற வேண்டும் என்பதும், செயற்கைப் பொருளை ஆக்கச் சொல்லோடு கூற வேண்டும் என்பதும் தொல்காப்பியர் வகுத்த மரபு. மலை உயர்ந்தது என்போம்; சுவர் உயரமாயிற்று என்போம். காலத்தைப் பற்றிக் கூறுங்கால் எதனைக் கைக்கொள்வது? ‘காலம் உண்டு’ என்பதா, ‘காலம் உண்டாயிற்று’ என்பதா? வைசேடிகர் முன்னதைக் கொண்டனர். அவர்க்குக் காலம் என்றும் உள்ள பொருள், ஒருவராலும் ஆக்கப்படாதது. அகுஸ்தினாரும் மெய்கண்டார் வழியினரும் பின்னதைக் கொண்டனர். கொண்டபின், ‘உண்டாயிற்று’ என்னும் சொல்லும் இறந்தகாலம் காட்டுவதால் எழும் இடர்ப்பாட்டை இருவரும் எதிர்கொள்ள வேண்டியவராயினர்.

அகுஸ்தினார் கண்ட விடை

‘ஒப்புதல்கள்’ 13 பகுதிகளை உடையது. 11ஆம் பகுதி முழுமையும் காலத்தைப் பற்றிய ஆராய்ச்சியாகும். உலகைப் படைக்கு முன் இறைவன் என்ன செய்தான் என்று கேட்போர்க்கு ஒருவர் கூறிய நகைச்சுவை விடையை அகுஸ்தினார் அங்கு நினைவுகூர்கின்றார். இத்தகைய ஆழ்ந்த மறைகளைக் கிளறுவோர்க்கு இறைவன் நரகத்தை ஆயத்தம் செய்துகொண்டிருந்தான் என்பதே அவ்விடை. கேட்டவனை எள்ளி நகையாடும் அவ்விடையைத் தாம் கூற மாட்டார் என்கிறார் அகுஸ்தினார். அறியாததை அறியேன் என்பதே அதனினும் மேல் என்பது அவர் கருத்து. ஆயரொருவர் காட்டிய இப்பண்பு ஆசிரியர் யாவர்க்கும் பாடமாகத்தக்கது.

பின்னர்த் தம் விடையைக் கூறுகின்றார். காலமும் இறைவனால் ஆக்கப்பட்டதே. காலம் இல்லாதவிடத்து ‘அப்பொழுது’ என்பதும் இல்லை. ஆகவே ‘அப்பொழுது என்ன செய்தான்?’ என்னும் வினாவே எழுவதற்கு இடமில்லை. உலகம் ஒரு காலத்திற் படைக்கப்பட்டதன்று; காலத்தோடு படைக்கப்பட்டது.

இதனை விளங்கிக்கொள்ள அகத்திணைச் செய்யுளொன்றை எண்ணிப் பார்க்கலாம். அகப்பாட்டின் முதற்பொருள் நிலமும் பொழுதும் என்பர். குறிஞ்சித்திணைப் பாட்டில் மலையும் மலைசார்ந்த இடமும் நிலம். கூதிரும் யாமமும் பொழுது. புலவன் முதலில் யாமத்தைப் படைத்துக்கொண்டு, அதன்பின் அதனுள் தலைவியைப் படைப்பதில்லை. பாட்டு பிறக்கும்பொழுதே நிலமும் பொழுதும் மாந்தரும் உடன் பிறக்கின்றனர். பாட்டின் யாமம் புலவன் வாழ்ந்த யாமமன்று. அவன் அதனை நண்பகலில் அமர்ந்தும் பாடியிருக்கலாம். ஆயினும் இவ்வுவமை ஓரளவே செல்லும். புலவனுக்குத் தன் பாட்டின் காலம் இல்லையேயன்றி, அவனும் வேறொரு காலத்துள் வாழ்பவனே. இறைவனுக்கு அவ்வாறு வேறொரு காலமும் இல்லை என்பதே அகுஸ்தினார் கொள்கை.

அவ்வளவில் நில்லாது, காலமாவது யாது என்றும் அவர் வினவுகின்றார். இறந்தகாலம் இப்பொழுது இல்லை; எதிர்காலம் இன்னும் இல்லை; நிகழ்காலமோ அகலமற்ற ஒரு கணம். இல்லாதவற்றை எவ்வாறு அளக்கின்றோம்? மனப்பாடமான திருப்பாடலொன்றை ஓதுதலை எடுத்துக்காட்டாக்கி, ஓதி முடிந்த பகுதி நினைவிலும் ஓத வேண்டிய பகுதி எதிர்பார்ப்பிலும் நிற்றலை அவர் சுட்டுகின்றார். எனவே காலத்தை உள்ளமே அளக்கின்றது. காலம் உள்ளத்தின் விரிவு போலும் என்னும் முடிவுக்கு அணுகி வருகின்றார். திருக்குறள் அதிகாரத்தை ஒப்பிக்கும் மாணவனும் ஒவ்வொரு நாளும் இதனை அறியாமலே செய்துகாட்டுகின்றான்.

இமாம் கஸ்ஸாலியின் துணை

இதே முடிச்சை அவிழ்க்க முயன்ற மற்றொரு பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி (1058–1111). உலகம் தொடக்கமற்றது என்று வாதித்த மெய்யியலாரை மறுத்து அவர் எழுதிய நூலில், ‘முன்’ என்னும் எண்ணத்தின் மயக்கம் நன்கு வெளிப்படுத்தப்படுகின்றது. உலகின் எல்லைக்கு அப்பால் வெற்றிடம் ஒன்று பரந்து கிடப்பதாக மனம் கற்பனை செய்கின்றது. அவ்வாறே உலகின் தொடக்கத்திற்கு முன்னும் காலமொன்று நீண்டு கிடப்பதாகக் கற்பனை செய்கின்றது. முதற்கற்பனையைத் தவறென்று மெய்யியலாரே ஒப்புக்கொள்ளும்போது, இரண்டாவதை மட்டும் உண்மையென்று கொள்வது எங்ஙனம் என்பது அவர் வினா.

தமிழில் இவ்வொப்புமை இன்னும் தெளிவாகப் புலப்படும். ‘கோயிலுக்கு முன் குளம்’ என்பதில் ‘முன்’ இடம் குறித்தது. ‘விடியுமுன் எழுந்தான்’ என்பதில் அதே சொல் காலம் குறித்தது. கோயிலே இல்லாதவிடத்துக் கோயிலுக்கு முன் எதுவும் இருத்தல் இயலாது. காலமே இல்லாதவிடத்துக் காலத்துக்கு முன் என்பதும் அத்தகையதே.

மெய்கண்டார் கண்ட விடை

சிவஞானபோதம் 12 நூற்பாக்களால் இயன்ற சிறுநூல். அதன் முதல் நூற்பாவே உலகத்திற்கு முதல்வன் உண்டு என்பதை நிறுவ எழுந்தது. மெய்கண்டார் இலக்கணப் பகுப்பிலிருந்தே தம் வாதத்தைத் தொடங்குவது கருதத்தக்கது. உலகம் ஆண், பெண், அஃறிணை எனச் சுட்டிக் கூறப்படும் பகுதிகளை உடையது. அப்பகுதிகள் தோன்றி, நின்று, ஒடுங்கக் காண்கின்றோம். ஆதலின் உலகம் ஒருவனால் செயப்படுவது. ஒடுங்கிய உலகம் உயிர்களின் மலம் நீங்குதற்பொருட்டு மீளத் தோன்றும். எவன்கண் ஒடுங்கியதோ அவனே தோற்றத்துக்கும் முதல்வன்.

அகுஸ்தினாரோ தொடக்கத்திலிருந்து வினவினார். மெய்கண்டாரோ முடிவிலிருந்து வினவுகின்றார். ‘எப்பொழுது படைத்தான்?’ என்பது அவர் கேள்வியன்று. ‘எதனைச் சார்ந்து நிற்கின்றது?’ என்பதே அவர் கேள்வி. மேலும், இல்லது தோன்றாது என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். அவ்வாறே உலகிற்கு மாயை முதற்காரணம், இறைவனின் சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணன். வெறுமையிலிருந்து உலகைப் படைத்தான் என்னும் அகுஸ்தினார் கொள்கைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை பெரிது.

காலத்தைப் பற்றிச் சித்தாந்தம் கூறுவது யாது? தத்துவங்கள் 36 என்பர். அவற்றுள் காலம் ஒன்று. அசுத்த மாயையிலிருந்து தோன்றுவனவற்றுள் அது வைத்து எண்ணப்படும். காலமே கடவுள் என்று கூறுவோரை அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் மறுக்கின்றார். தொழிலெல்லாம் காலத்தை எல்லையாகக் கொண்டு நிகழ்வது உண்மையே. ஆனால் காலம் அறிவற்ற பொருள். இறைவன் ஏவல்வழித் துணைக்காரணமாய் நிற்பதேயன்றித் தானே முதல்வனாகாது என்பது அவர் முடிபு. இறந்தகாலம் எல்லையையும், நிகழ்காலம் பலனையும், எதிர்காலம் புதுமையையும் உயிர்க்குத் தரும் என்பதும் சித்தாந்த நூல்களின் கருத்து.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. காலம், நியதி, கலை, வித்தை, அராகம் ஆகிய ஐந்தையும் உயிர் அணிந்துகொள்ளும் சட்டையாகக் கூறிப் பஞ்சகஞ்சுகம் என்று பெயரிட்டனர். அதாவது காலம் உயிருக்கு அணிவிக்கப்படும் உடை. அகுஸ்தினாரும் காலத்தை உள்ளத்தோடு இயைத்துக் காட்டியமை இங்கு நினைக்கத்தக்கது. ஒருவர் உள்ளத்தின் விரிவு என்றார். மற்றவர் மரபு உயிரின் சட்டை என்றது. இரு கூற்றும் ஒன்றெனல் பொருந்தாது. எனினும் காலம் உயிரின் பக்கத்தது, இறைவன் பக்கத்ததன்று என்பதில் இரண்டும் ஒத்து நிற்கின்றன.

இரு விடைகளின் இடர்ப்பாடுகள்

போற்றுதல் மட்டும் திறனாய்வாகாது. இரு விடைகளும் சில வினாக்களைத் தீர்க்காமல் விட்டிருக்கின்றன.

அகுஸ்தினார் கூற்றில் எழும் வினா இது. இறைவனது இச்சை என்றும் உள்ளதாயின், அதன் பயனாகிய உலகமும் என்றும் உள்ளதாதல் வேண்டாவோ? இச்சை புதிதாகத் தோன்றியதெனின், மாறாதவனிடத்து மாற்றம் நேர்ந்ததாகும். இதற்கு விடையாக, இச்சை ஒன்றே. பயன் முறைமுறையாய் நிகழும் என்பர். தலைமையாசிரியர் வகுத்த கால அட்டவணையின்படி நாள்தோறும் மணி பலமுறை ஒலிக்கின்றது. மணி ஒலிக்குந்தோறும் அவர் புதிதாகத் தீர்மானம் செய்வதில்லை. தீர்மானம் ஒன்று, ஒலிகள் பல. இவ்விடை பல நிகழ்ச்சிகளின் முறையை விளக்கும். ஆனால் அட்டவணை ஏன் வகுக்கப்பட்டது என்பதை விளக்காது. அன்றியும், காலம் உள்ளத்தின் விரிவாயின், உள்ளமுடைய மாந்தர் தோன்றுமுன் கதிரவனும் திங்களும் இயங்கிய காலத்தை அளந்தது எது என்னும் வினாவும் எஞ்சுகின்றது.

மெய்கண்டார் வழியிலும் இடர்ப்பாடு இல்லாமலில்லை. மாயை அநாதி, அதிலிருந்து காலம் தோன்றுகின்றது, ஊழி முடிவில் காலமும் மாயையில் ஒடுங்குகின்றது, மீண்டும் தோன்றுகின்றது. காலமே ஒடுங்கியபின் ‘மீண்டும்’ என்பதற்குப் பொருள் என்ன? ஒடுக்கத்திற்கும் தோற்றத்திற்கும் இடைப்பட்டது எத்துணைப் பொழுது என்று எதனைக்கொண்டு கணிப்பது? ஊழிகளை வரிசையாக எண்ணும் பழக்கம், ஒடுங்கிவிட்டதாகச் சொல்லப்பட்ட காலத்தைப் பின்வாயிலால் மீண்டும் உள்ளே அழைத்துவிடுகின்றது.

இந்த இடர்ப்பாட்டிற்குச் சித்தாந்த மரபினுள்ளேயே ஒரு வழி உண்டு. தத்துவங்களை அடுக்கிக் கூறுங்கால் மாயையினின்று காலம் தோன்றிற்று என்கின்றனர். காலம் தோன்றும்வரை கால முறை இல்லை. எனவே மாயை முன், காலம் பின் என்னும் அவ்வரிசை கால வரிசையாக இருத்தல் இயலாது. அது சார்பு வரிசை. எது எதனைச் சார்ந்து நிற்கின்றது என்பதைக் காட்டும் முறையே அது. இவ்வுண்மையைப் பற்றிக்கொண்டால் அகுஸ்தினார் நூலின் முடிச்சும் பெருமளவு தளர்கின்றது.

முதல் என்னும் சொல்

தமிழில் ‘முன்’ என்பதினும் ஆழமான சொல் ‘முதல்’ என்பது. மரத்தின் அடியும் முதல், வணிகர் இடும் பொருளும் முதல், காரணமும் முதல், வரிசையின் தொடக்கமும் முதல். இவற்றுள் கால முற்பாட்டை மட்டும் குறிப்பது ஒன்றுமில்லை. மரத்தின் அடி நின்றால்தான் கிளை நிற்கும். அடி நேற்று இருந்து இன்று இல்லாமற்போனால் கிளையும் இல்லை. முதல் என்பது தொடங்கிவைத்துவிட்டு விலகிச் செல்வதன்று, தாங்கி நிற்பது.

தமிழ்ப் பள்ளிச் சிறாரெல்லாம் அறிந்த முதற் குறளின் உவமை இங்குப் புதுப்பொருள் பெறுகின்றது. எழுத்துகளுக்கு அகரம் முதல்; உலகிற்கு ஆதிபகவன் முதல் என்பது அதன் கருத்து. அகரம் ஒரு நாள் பிறந்து, ஆகாரம் அடுத்த நாள் பிறந்ததா? இல்லை. மெய்யெழுத்துகளும் அகரத்தோடு இயைந்தே ஒலித்து இயங்கும் என்பது தொல்காப்பியர் கூறும் எழுத்து மரபு. அகரத்தின் முதன்மை ஆண்டுக்கணக்கால் வந்ததன்று. பிற எழுத்துகள் அதனைச் சார்ந்து இயங்குவதால் வந்தது. வள்ளுவர் உலகின் முதல்வனைச் சுட்டுதற்கு நாளையும் கோளையும் உவமையாக்கவில்லை, எழுத்தை உவமையாக்கினார். படைப்பைக் கால நிகழ்ச்சியாகக் கருதாமல் சார்பாகக் கருதுதற்கு அவ்வுவமை இடந்தருகின்றது.

அகுஸ்தினாரும் ‘கடவுளின் நகரம்’ என்னும் தம் பிற்கால நூலில், பிளேட்டோ வழியினர் கூறிய உவமையொன்றைக் குறித்துள்ளார். புழுதியில் ஒரு பாதம் தொடக்கமின்றி என்றும் பதிந்திருப்பதாகக் கொள்வோம். அதன்கீழ் அடிச்சுவடும் என்றும் இருக்கும். பாதத்துக்குப் பின்னரே சுவடு தோன்றிற்று என்று கூற இயலாது. ஆயினும் சுவட்டை உண்டாக்கியது பாதமே என்பதில் ஐயமில்லை. முன் இன்றியே முதல் இருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

எனவே ‘காலங் கடந்தவன் காலத்தைப் படைத்தான்’ என்னும் தொடரை இருவகையாகப் படிக்கலாம். காலத்திற்கு முற்பட்ட ஒரு பொழுதில் அவன் அதனை உண்டாக்கினான் என்று படித்தால் அது தன்னையே மறுக்கும் தொடர். காலம் முழுமையும் அவனைச் சார்ந்து நிற்கின்றது என்று படித்தால் முரண் இல்லை. முதற்படிப்பைக் கைவிடாதவர் எத்துணை வாதிட்டும் வெற்றிபெறுதல் அரிது.

இங்கு அடியவர் உள்ளம் ஓர் ஐயத்தை எழுப்பும். காலத்துள் வாராத இறைவன் அழைத்த பொழுது எவ்வாறு வருவான்? பதினாறு வயது நிறைந்த மார்க்கண்டேயனைக் காக்கத் திருக்கடவூரில் காலனை உதைத்த காலகாலன், காலத்துள் வந்து உதவியவன் அல்லனோ? இது எளிதாக ஒதுக்கத்தக்க ஐயமன்று. மெய்யியலார் வகுக்கும் முதல்வன் அடியவர் வழிபடும் இறைவனாக இல்லாவிடின், அவ்வாராய்ச்சியால் பயனில்லை. கதிரவன் திருமுன் தாமரை மலர்தலைச் சித்தாந்திகள் உவமையாகக் காட்டுவர். கதிரவன் விகாரமுறுவதில்லை, தாமரையே மலர்கின்றது. இவ்வுவமைக்கு இன்றைய அறிவு மேலும் வலுவூட்டுகின்றது. விடியல் என்பது புவியின் சுழற்சியால் புவிக்கு நேர்வது; கதிரவனிடத்துக் காலையுமில்லை, மாலையுமில்லை. ஆயினும் அதன் ஒளியின்றித் தாமரைக்கு விடியல் இல்லை. அருள் பெறுவோனிடத்துக் காலமுண்டு. அருள்வோனிடத்து இல்லை என்று இதனாற் கொள்ளலாம். எல்லா அடியவர் நெஞ்சையும் இவ்விடை நிறைவிக்கும் என்று கூறிவிட முடியாது. ஆனால் விடையே இல்லை என்னும் நிலையும் இல்லை.

அறிவியலும் இவ்வினாவும்

இன்றைய மாணவர் இவ்வினாவை அறிவியலோடு சேர்த்தே எண்ணுவர். பேரண்டம் விரிந்துகொண்டே செல்கின்றது என்னும் கருத்தை 1927இல் வெளியிட்ட பெல்ஜிய நாட்டு அறிஞர் ஜார்ஜ் லெமேத்ர், கத்தோலிக்கக் குருவுமாவார். 1931இல் பேரண்டம் ஒற்றைத் தொல்லணுவிலிருந்து தோன்றியிருக்கலாம் என்றார். 1965இல் பென்சியாசும் வில்சனும் வெளியிட்ட பின்னணிக் கதிர்வீச்சுக் கண்டுபிடிப்பு பெருவெடிப்புக் கொள்கைக்கு வலிமை சேர்த்தது. பேரண்டத்தின் அகவை ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் என்று இன்று கணிக்கப்படுகின்றது.

இதனைக் கண்ட சமயவாணர் சிலர் மகிழ்ந்தனர். 1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், அறிவியல் படைப்புக்குச் சான்று பகர்வதாகப் பேசினார். அவ்வாறு இணைத்துப் பேசுவதை லெமேத்ர் விரும்பவில்லை. தம் கொள்கை சமயச் சார்பற்ற இயற்பியற் கொள்கை என்பதே அவர் நிலை. மறுபுறம், 1983இல் ஜேம்ஸ் ஹார்ட்டிலும் ஸ்டீபன் ஹாக்கிங்கும் எல்லையற்ற பேரண்டக் கருத்தை வகுத்தனர். காலத்தின் தொடக்கத்துக்கு முன் என்ன என்று கேட்பது வடதுருவத்திற்கு வடக்கே என்ன என்று கேட்பதைப் போன்றது என ஹாக்கிங் விளக்கினார். அத்தகைய பேரண்டத்தில் படைப்போனுக்கு என்ன இடம் என்றும் 1988இல் வெளிவந்த தம் நூலில் வினவினார்.

இவ்விரு சாராரும் ஒரே பிழைக்கு இடங்கொடுக்கின்றனர். தொடக்கம் கண்டுபிடிக்கப்பட்டவுடன் முதல்வனும் கண்டுபிடிக்கப்பட்டான் என்பது ஒருசார். தொடக்க முனை மறைந்தவுடன் முதல்வனும் மறைந்தான் என்பது மறுசார். இரண்டும் முன்னையும் முதலையும் ஒன்றாகக் கொண்டதன் விளைவு. அறிவியல் ‘முன்’ என்பதனை ஆராயலாம்; நீக்கவும் செய்யலாம். ‘முதல்’ உண்டா என்பது வேறொரு வினா. அதற்குத் தொலைநோக்கியால் ஆம் என்றும் கூற இயலாது. இல்லை என்றும் கூற இயலாது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் இறைவன் உண்டு என்பது நிறுவப்பட்டதாகக் கருதுதல் தவறு. காலங் கடந்தவன் காலத்துக்கு முதலாதல் தன்முரணான கூற்றன்று என்பது மட்டுமே தெளியப்பட்டது. உலகிற்கு முதல்வன் வேண்டுவதில்லை என்ற சமணரும், காலம் ஆக்கப்படாதது என்ற வைசேடிகரும் தத்தம் வாதங்களை நிறுத்தியே சென்றுள்ளனர். அவற்றை மறைத்துவிட்டு ஒருசார் விடையை மட்டும் கற்பித்தல் கல்வியாகாது.

மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி மாநகரில் பல சமயத்தார் கூறுவனவற்றையும் மணிமேகலை அமர்ந்து கேட்கின்றாள். தன் உள்ளம் ஒருவழி சாய்ந்திருந்தும் பிறர் உரையைக் கேளாது ஒதுக்கினாளில்லை. இந்துக்களும் கிறித்தவர்களும் முசுலிம்களும் அருகருகே அமர்ந்து பயிலும் மலேசிய, சிங்கை வகுப்பறைகளுக்கு அக்காதை பொருத்தமான வழிகாட்டி. ஹிப்போவின் ஆயரும் இமாம் கஸ்ஸாலியும் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டாரும் ஒரு வினாவின் முன் ஒருங்கே அமரக்கூடுமாயின், அவர்தம் வழிவந்த மாணவரும் அமரலாம்.

படைப்பதற்கு முன் இறைவன் என்ன செய்தான் என்று நாளை ஒரு மாணவன் எழுந்து கேட்பானாயின், ஆசிரியர் அவனை உட்கார வைக்க வேண்டியதில்லை. அவன் வினாவிலுள்ள ‘முன்’ என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதன் கீழ் ‘முதல்’ என்று எழுதி, இரண்டிற்கும் வேற்றுமை யாது என்று அவனையே கேட்கலாம். விடை கிடைப்பினும் கிடையாதொழியினும், அன்று அவ்வகுப்பில் தமிழும் கற்பிக்கப்பட்டிருக்கும், சிந்தனையும் கற்பிக்கப்பட்டிருக்கும்.